பெயர் சொல்லாத கூட்டம்

ஹெர்தீஸ் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்காக ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி ஊராட்சி அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. கீழே தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு: "எந்தக் குழந்தையையும், பெற்றோரையும், சம்பவத்தையும் அடையாளம் காணும்படி எழுத வேண்டாம்." முப்பத்தெட்டு வருஷம் குழந்தைகளோடும் பெற்றோரோடும் சம்பவங்களோடும் மட்டுமே மாரடித்த ஒருத்தியைப் பற்றி அப்புறம் என்னத்தை எழுதுவது? நன்றாகக் கம்பளி பின்னுவாள், மீன் வடையில் உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போடுவாள் என்றா?

அதனால் மலருக்கு அரைப் பக்கம் கம்பளியைப் பற்றி எழுதி அனுப்பிவிட்டேன். இது வேறு. இதை எழுதலாமா என்று மார்த்தேவிடம் கேட்டேன். அவளுக்கு இப்போது இருபத்தாறு வயது. "என் பேரையே போடு குன்வோர், அதை மட்டும் மாத்தித் தொலைச்சுடாதே" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்பது போகப் போகத் தெரியும்.

நான் அந்தப் பள்ளியின் அலுவலகத்தில் இருபத்தொன்பது வருஷம் இருந்தேன். கடிதம் அடிப்பது, மணி அடிப்பது, மூக்கில் ரத்தம் வந்தால் பஞ்சு வைப்பது, கூட்டம் என்றால் வாஃபிள் அப்பம் சுடுவது, இவ்வளவும் என் வேலை. முக்கியமான விஷயம் எதுவும் என் வேலை இல்லை. நாற்பத்தொரு பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையின் செருப்பு அளவும் எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு எதுவும் தெரியாது என்பதுதான் அலுவலக விதி.

ஹெர்தீஸ் மாணவர் நல ஆசிரியை. ஆள் நெட்டை, நடந்தால் தரை அதிரும். கழுத்தில் ஒரு சாவி தொங்கும். அது அவளுடைய இரும்பு அலமாரியின் சாவி. குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாளா என்று ஒருநாள் கேட்டேன். "அதை உன்கிட்ட சொல்ல முடியாது" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

அவள் புருஷன் அர்வித், எங்கள் தீவின் குழந்தைகள் நல அலுவலர். அலுவலர்கள் என்று பன்மையில் சொல்ல வழியில்லை, அவன் ஒருவன்தான். பள்ளி கீழ்த்தளம், ஊராட்சி மேல்தளம், நடுவில் பதினேழு படி. இரண்டு பேரும் சந்தித்துக்கொண்டதே ரகசியக் காப்பு பற்றிய ஒரு பயிற்சி வகுப்பில்தான். போடோ நகரத்தில் இரண்டு நாள் வகுப்பு. யாரிடம் எதைச் சொல்லக் கூடாது என்று இரண்டு நாளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள், அது காதலாகிவிட்டது. எதில் எதிலெல்லாம் மனுஷருக்குக் காதல் வருகிறது பாருங்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். சாப்பாட்டு மேசையில் குழந்தைகள் பேச்சே கிடையாது. வானிலை பேசலாம், காட் மீன் வரத்து பேசலாம், பக்கத்து வீட்டுக்காரன் காரை எவ்வளவு கேவலமாக நிறுத்துகிறான் என்று பேசலாம். அர்வித் மூன்று நாள் வீட்டுக்கு வராவிட்டாலும் அவள் எங்கே போனாய் என்று கேட்க மாட்டாள். நான் கேட்டால், "எங்கேயோ போயிருக்கான்" என்பாள். வேறு பெண்ணாக இருந்தால் மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டியிருப்பாள். இவளோ பெருமையாகச் சொல்லுவாள்.

அவளுக்குக் கடிதங்களும் அப்படித்தான். குழந்தைகள் நல அலுவலகத்துக்கு எழுதுகிற கடிதத்தை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டாள். கையில் உறையோடு படி ஏறினால் யாராவது பார்த்து யோசிப்பார்களாம். தபால்தலை ஒட்டி, தபால் நிலையத்தில் போட்டு, அது படகேறிப் பெருநிலத்துக்குப் போய், அங்கே பிரித்து அடுக்கப்பட்டு, மறுபடி படகேறி வந்து, நாலாம் நாள் பதினேழு படி மேலே போய்ச் சேரும். "ஏண்டி, ராத்திரி அவன் தலையணைக்கு அடியில வெச்சுடேன்" என்று நான் சொன்னேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அவளைக் கேலி செய்ய ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஆனால் அவள் அப்படி ஆனதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். இருபத்து மூன்று வயதில் வேறொரு தீவில் முதல் வேலை. ஒரு பையன் முதுகில் பெல்ட் தழும்பைப் பார்த்துவிட்டு, ஆசிரியர் அறையில் காப்பி குடிக்கும்போது மனசு தாங்காமல் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் இருந்தவளின் நாத்தனார் கூட்டுறவுக் கடையில் வேலை. சாயங்காலத்துக்குள் விஷயம் அப்பன்காரன் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலைப் படகில் குடும்பமே காணாமல் போனது. அந்தப் பையன் என்ன ஆனான் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அப்போதும் தீவின் பெயரைச் சொல்லவில்லை.

இனி மார்த்தே விஷயம். பதினேழு வருஷத்துக்கு முந்தைய பிப்ரவரி. மார்த்தேவுக்கு ஒன்பது வயது. அப்பா கிடையாது. அம்மா லைலா மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். நல்ல பெண், குடிக்காதபோது. குடித்தால் இரண்டு மூன்று நாள் எழுந்திருக்க மாட்டாள். ஊரில் எல்லாருக்கும் தெரியும், அலுவலகங்களுக்கு மட்டும் உறுதியாகத் தெரியாது. எத்தனையோ மாதம் வரிசையில் காத்திருந்து, பெருநிலத்தில் ஒரு சிகிச்சை மையத்தில் லைலாவுக்கு ஆறு வாரத்துக்கு இடம் கிடைத்தது. திங்கட்கிழமை வந்து சேராவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

போவதற்கு முன் அர்வித்திடம் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். "குழந்தை இக்காலத்தில் யார் பொறுப்பில் இருக்கும்?" என்று அதில் ஒரு கட்டம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் முன்பின் தெரியாத ஏதோ ஒரு குடும்பத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிடுவார்கள். போன பிள்ளை திரும்பி வருமோ வராதோ என்று லைலாவுக்கு உயிர்ப் பயம். எங்கள் பக்கத்தில் அந்தப் பயம் இல்லாத தாய் கிடையாது. அதனால் தன் தங்கை பென்தேவின் பெயரை எழுதினாள். மார்த்தே சித்தி வீட்டில் இருப்பாள். அர்வித் முத்திரை குத்தினான். பென்தேவுக்கு உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்று அனுப்பினான். மூன்று வாரத்துக்குள் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று பொருள். ரொம்ப நல்ல ஏற்பாடு.

ஒரே ஒரு சின்னக் குறை. பென்தே கிறிஸ்துமஸுக்கு முன்பே புருஷனோடும் இரண்டு பையன்களோடும் தெற்கே குடிபோய்விட்டாள். அந்தப் பையன்களுக்கு மாற்றுச் சான்றிதழ் அடித்தவளே நான்தான், ஆனால் அந்தக் காகிதம் மாடிக்குப் போவதில்லை. லைலாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் எழுதினாள். அவள் செய்தது மகா தப்பு, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அவளை அந்த நிலைக்குத் தள்ளிய கட்டத்தை அச்சடித்தவன் மேலும் எனக்குக் கோபம்தான்.

ஆக, மார்த்தே அந்த மஞ்சள் வீட்டில் தனியாக இருந்தாள். உறைபெட்டி நிறைய மீன் வடை, கொட்டகையில் விறகு, யாரிடமும் மூச்சுவிடாதே என்று அம்மாவின் சொல். வெளியே பனி. ஒன்பது வயசு.

நான் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். பள்ளிக் கதவைக் காலை ஏழு மணிக்குத் திறப்பவள் நான். அந்த நாட்களில் தினமும் அவள் எனக்கு முன்னால் வந்து கதவருகே நின்றாள்.

"ஏண்டி இவ்வளவு சீக்கிரம்?" என்று கேட்டேன்.

"அடுப்புப் பத்த வைக்க எழுந்தேன். அப்புறம் தூக்கம் வரல."

அவளுக்குச் சூடாகக் கோகோ போட்டுக் கொடுத்தேன். லைலா பெட்டியோடு படகேறியது பன்னிரண்டு மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, எனக்கும் தெரியும். பென்தே இல்லை என்பதும் தெரியும். அர்வித் வேறு யார் வீட்டிலாவது விட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டால், "உன்கிட்ட சொல்ல முடியாது" என்பான், எதற்கு வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்று விட்டுவிட்டேன். இந்த ஊரில் வருஷக்கணக்கில் சம்பளம் வாங்கினால் யாருக்கும் இந்தப் புத்தி வந்துவிடும்.

ஊர்ப் பேச்சு காதில் விழக் கூடாதென்று காப்பிக்குக்கூட ஆசிரியர் அறைக்கு வராத ஹெர்தீஸுக்கு லைலா போனது தெரியாது, ஆனால் பிள்ளையைக் கவனித்தாள். பிள்ளை வகுப்பில் தூங்குகிறது. மத்தியானப் பொட்டலத்தில் தினமும் ஆறிப்போன மீன் வடை. உள்ளங்கையில் ஒரு தீக்காயம். முறைப்படி தாய்க்கு ஒரு கடிதம் எழுதி மார்த்தேவிடமே கொடுத்தனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது. "எல்லாம் நன்றாக இருக்கிறது. அக்கறைக்கு நன்றி. லைலா." எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்தபோதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், லைலாவின் எழுத்தைப் பார்த்த யாருக்கும் வந்திருக்கும். ஆனால் கையெழுத்து இருக்கிறதே. கையெழுத்து இருந்தால் எங்கள் நாட்டில் ஆள் இருப்பதாகக் கணக்கு.

மனசு கேட்காமல், அடுத்த ஒத்துழைப்புக் கூட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தாள். மாதம் ஒருமுறை பள்ளியும் குழந்தைகள் நல அலுவலகமும் கூடிப் பேசுகிற கூட்டம் அது. ஒத்துழைப்பு என்றால் சும்மா இல்லை. குழந்தையின் பெயரைச் சொல்லக் கூடாது. எங்கள் ஊர் சின்ன ஊர் என்பதால், பெயர் சொல்லாவிட்டாலும் அடையாளம் தெரிந்துவிடுமாம். அதனால் வயதையும் மாற்றிச் சொல்ல வேண்டும், பெண்ணைப் பையனாகவும் பையனைப் பெண்ணாகவும் சொல்ல வேண்டும். இதைக் கண்டுபிடித்தவள் ஹெர்தீஸ்தான். மாவட்டத்திலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது, அதைச் சட்டம் போட்டு மாட்டி வைத்தார்கள்.

கூட்டம் வியாழக்கிழமை மதியம். மறுநாள் ஒரு நாள் பள்ளி, அதற்கப்புறம் ஒன்பது நாள் குளிர்கால விடுமுறை. மார்த்தே தனியாகப் பத்து நாள் தள்ளிவிட்டாள். இன்னும் ஒன்பது நாள், பள்ளியும் இல்லாமல், கோகோவும் இல்லாமல், எட்டிப் பார்க்க ஒரு நாதியும் இல்லாமல் இருக்கப் போகிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது நான் கூட்ட அறைக்குப் பக்கத்துச் சமையலறையில் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. ஒட்டுக் கேட்டாயா என்றால், ஆமாம், கேட்டேன்.

தலைமை ஆசிரியர் கோல்பெய்ன் தொடங்கி வைத்தான். "சரி, பேர் சொல்லாம ஆரம்பிக்கலாம். யாரு முதல்ல?"

"நான்" என்றாள் ஹெர்தீஸ். கையில் பின்னல் ஊசி ஓடிக்கொண்டிருந்தது. "என்கிட்ட ஒரு குழந்தை. பையன்னு வெச்சுக்கோங்க. பதினோரு வயசுன்னு வெச்சுக்கோங்க. விடியக்காலையிலயே வந்து நிக்கிறான். வகுப்புல தூங்கி விழறான். கையில சூடு பட்டிருக்கு. வீட்டுக்கு எழுதிக் கேட்டேன், எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு பதில் வந்துச்சு. ஆனா எனக்கு என்னமோ உறுத்துது."

அர்வித் வாஃபிள் மேல் ஜாம் தடவியபடி யோசித்தான். "பதினோரு வயசுப் பையன்தானே? அந்த வயசுல அடுப்பை நோண்டாத பையன் யாரு? வீட்லேர்ந்து பதில் வேற வந்திருக்கு. லீவு முடியட்டும். அப்பவும் அப்படியே இருந்தா எழுத்துல குடு, பாக்கிறேன்."

"லீவு முடியற வரைக்குமா?"

"ஒன்பது நாள்ல என்ன ஆகிடப் போகுது? வீட்ல பெரியவங்க இருக்காங்கல்ல?"

"இருக்காங்க" என்றாள் ஹெர்தீஸ். "கையெழுத்துப் போட்டிருக்காங்களே."

அடுத்து அர்வித்தின் முறை. "என்கிட்டயும் ஒரு குழந்தை. இதுவும் பையன்னு வெச்சுக்கோங்க, ஆறு வயசு. அம்மா சிகிச்சைக்கு வெளியூர் போயிருக்கா. பையன் சித்தி வீட்ல பத்திரமா இருக்கான். பள்ளிக்கூடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்னு பாத்தா, அம்மாக்காரி சம்மதப் படிவத்துல கையெழுத்துப் போடாமப் போயிட்டா. என்ன பண்ணலாம்?"

"சொல்லாதே" என்றாள் ஹெர்தீஸ் உடனே. "பத்திரமா இருக்கிற பிள்ளையை எதுக்குக் கிண்டிக்கிட்டு? சொந்தச் சித்தி வீட்ல இருக்கான். பள்ளிக்கூடத்துக்குத் தெரிஞ்சா ஆளாளுக்குப் பாவம் பாத்தே அழ வெச்சுடுவாங்க."

"அதான் நானும் நினைச்சேன்" என்றான் அர்வித்.

"அருமையான ஒத்துழைப்பு" என்று கோல்பெய்ன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

கேட்டீர்களா? ஒரே பிள்ளையை இரண்டு பையன்களாக்கி, ஒருவன் பெரியவன் கவலை இல்லை, இன்னொருவன் சித்தி வீட்டில் இருக்கிறான் கவலை இல்லை என்று, புருஷனும் பெண்டாட்டியும் பொறுப்பாக முடித்து வைத்துவிட்டார்கள்.

நான் இரண்டாவது தட்டு வாஃபிளோடு உள்ளே போனேன். விதிப்படி நான் உள்ளே போகும்போது அவர்கள் வானிலை பேச வேண்டும். "காத்து வடமேற்குக்குத் திரும்புது போல" என்றான் கோல்பெய்ன். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"எந்தச் சித்தி?" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"குன்வோர், தட்டை வெச்சுட்டுப் போ" என்றான் கோல்பெய்ன்.

"போறேன். ஆனா எந்தச் சித்தி? இந்த மாசம் இந்தத் தீவுலேர்ந்து சிகிச்சைக்குப் போன அம்மா ஒருத்திதான். அவளுக்குத் தங்கச்சியும் ஒருத்திதான். அந்தத் தங்கச்சி கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே மூட்டையைக் கட்டிட்டா. அவ பசங்களுக்குச் சான்றிதழ் அடிச்சது நானு, கையெழுத்துப் போட்டது நீ கோல்பெய்ன். மறந்து போச்சா?"

"நாம எந்தக் குறிப்பிட்ட குழந்தையைப் பத்தியும் பேசல" என்றான் அர்வித். அவன் முகத்தில் ஈயாடவில்லை. "அது ஆறு வயசுப் பையன்."

"ஆறு வயசுப் பையனாவது மண்ணாங்கட்டியாவது! தினமும் காலையில ஏழு மணிக்கு என் கதவுல வந்து நிக்கிறா, அடுப்புப் பத்த வெச்சுட்டு வந்தேங்கிறா. யாரு வீட்டு அடுப்பு? யாரு வீட்ல அவளை விட்டே நீ? சொல்லு!"

"குன்வோர், அதை உன்கிட்ட..."

"வாயில என்ன கொழுக்கட்டையா ரெண்டு பேருக்கும்? சொல்லித் தொலைங்களேன்!"

ஹெர்தீஸின் பின்னல் ஊசி நின்றுவிட்டது.  அந்த அலமாரிச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பத்தொன்பது வருஷக் கல்யாணத்தில் அவள் அவனிடம் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அர்வித், மார்த்தே எங்கே?"

பெயரைச் சொல்லிவிட்டாள். கோல்பெய்ன் பேனாவைக் கீழே போட்டான். பின்னால் மாவட்டத்திலிருந்து இரண்டு பேர் விசாரணைக்கு வந்தார்கள். குழந்தை எப்படித் தனியாக இருந்தது என்று விசாரிக்க வந்தார்கள் என்று நினைத்தால் நீங்கள் எங்கள் ஊரைப் புரிந்துகொள்ளவே இல்லை. கூட்டத்தில் பெயரை யார் முதலில் சொன்னது என்று விசாரிக்க வந்தார்கள். ஹெர்தீஸுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை. எனக்கு, அனுமதியின்றிக் கூட்ட அறையில் நின்றதற்கு ஒரு எச்சரிக்கை. "மறுபடியும் சொல்லுவீர்களா?" என்று ஹெர்தீஸிடம் கேட்டார்கள். "ஆமா, இன்னும் சீக்கிரமா" என்றாளாம். அதையும் எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்த நிமிஷத்துக்குத் திரும்புகிறேன், அர்வித்தைச் சொல்ல வேண்டும். அவன் கெட்டவன் இல்லை. பதில் அவன் வாய்வரை வந்து நிற்பது கண்ணுக்கே தெரிந்தது. பல வருஷப் பூட்டு, உடனே திறக்கவில்லை.

"சித்தி வீட்ல" என்றான் கடைசியில். "சித்தி வீட்லன்னுதான் எழுதியிருந்தா, ஹெர்தீஸ்."

"நீ போய்ப் பாத்தியா?"

"மூணு வாரம் ஆகல. பதில் வர மூணு வாரம் அவகாசம் இருக்கு."

ஹெர்தீஸ் கோட்டை எடுத்து மாட்டினாள். அர்வித் பின்னாலேயே வந்தான். அவர்கள் கார் பனியில் புதைந்து கிடந்ததால் என் காரில்தான் போனோம். பள்ளி, குழந்தைகள் நலம், வாஃபிள், மூன்று துறையும் ஒரே காரில்.  நான் மட்டும் முழு வழியும் திட்டிக்கொண்டே ஓட்டினேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை, என்னையும் சேர்த்துத்தான் இருக்க வேண்டும். இத்தனை நாள் அந்தப் பிள்ளைக்குக் கோகோ ஊற்றிக் கொடுத்திருக்கிறேன், இரவு யாருடன் படுத்துக்கொள்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வெட்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மஞ்சள் வீட்டில் புகை வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. படிக்கட்டில் பனி ஒழுங்காகத் தள்ளப்பட்டு, வழுக்காமல் இருக்கச் சாம்பல் தூவியிருந்தது. ஹெர்தீஸ் கதவைத் தட்டினாள்.

மார்த்தே திறந்தாள். அம்மாவின் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள், முழங்கால்வரை தொங்கியது. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். முதலில் பயந்தாள், அப்புறம் பள்ளியில் சொல்லிக் கொடுத்த மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

"நான் சித்தி வீட்ல இருக்கேன்" என்றாள். "இப்ப சும்மா பூச்செடிக்குத் தண்ணி ஊத்த வந்தேன்."

வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. கழுவிய தட்டு ஒன்று, குவளை ஒன்று, கரண்டி ஒன்று, மேசைத் துணியின் மேல் கவிழ்த்து வைத்திருந்தாள். அடுப்புப் பக்கத்தில் சின்னச் சின்னதாகப் பிளந்த விறகு. அடுப்புக்கு முன்னால் தரையில் மெத்தை விரித்திருந்தது. மாடி அறை குளிரும், அதனால் இங்கேயே படுத்திருக்கிறாள். கோடரி சுவரில் சாய்ந்திருந்தது. அந்தக் கோடரியைப் பார்த்ததும் நான் ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஹெர்தீஸ் அவள் முன்னால் மண்டியிட்டாள். "மார்த்தே" என்றாள்.

அதற்குள் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. முகம் கோணியது. "நான் சொல்லல" என்றாள். "சத்தியமா யாருகிட்டயும் சொல்லல, ஹெர்தீஸ். நீ லெட்டர் குடுத்தப்பகூடச் சொல்லல. குன்வோர் கேட்டப்பவும் சொல்லல. அம்மாவைத் திருப்பி அனுப்பிடாதீங்க. அவ வரிசையில ரொம்ப நாள் நின்னா."

"நானும் சொல்லலடி கண்ணு" என்றாள் ஹெர்தீஸ். அவளை அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். முப்பது வருஷமாக அவளை எனக்குத் தெரியும், அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "நானும் யாருகிட்டயும் சொல்லல, யாரையும் கேக்கல. நல்லா இருந்தேன் பாரு நான்."

மார்த்தே பெரிய மனுஷி மாதிரி அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு அவள் தோளுக்கு மேலாக அர்வித்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா போன் பண்ணாளா? எங்க வீட்டு போன் வெட்டிட்டாங்க."

அர்வித் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான், கழற்றிய தொப்பி கையில். அவன் என்னைப் பார்த்தான், ஹெர்தீஸைப் பார்த்தான். சிகிச்சையில் இருக்கும் ஒருத்தியைப் பற்றி, சம்மதப் படிவம் இல்லாமல், பள்ளிக்கூடத்து ஆள் இரண்டு பேர் முன்னால் வாய் திறக்க வேண்டும். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"பண்றா" என்றான். "தினமும் காலையில பத்து மணிக்கு என் ஆபீசுக்குப் பண்றா. அங்க ஒரு நாளைக்கு ஒரு போன்தான் பண்ண விடுவாங்க. மார்த்தே எப்படி இருக்கான்னு கேக்கிறா. அவ தங்கச்சி வீட்ல நல்லா இருக்கான்னு நானும் தினமும் சொல்றேன். சொன்னதும் அழுவா. ரொம்ப நேரம் அழுவா." அவன் தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சந்தோஷத்துல அழுறான்னு கோப்புல எழுதி வெச்சேன், ஹெர்தீஸ். பத்து நாளும் எழுதி வெச்சேன்."

 அடுப்பில் விறகு வெடித்தது. மார்த்தே மூக்கை அம்மாவின் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் கணக்குப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நாளைக்குப் பத்து மணிக்கு அவ போன் பண்றப்ப, நான் பேசலாமா?"

அர்வித் பழக்க தோஷத்தில், "அதுக்கு ஒரு படிவம்..." என்று ஆரம்பித்தான்.

"அர்வித்" என்றாள் ஹெர்தீஸ்.

"பேசலாம்" என்றான்.